மெழுகு அடைத்த பலகை

செப்டம்பர் 14, ஞாயிறு

விட்டு விட்டு மழை. மந்தைவெளி முனையில் கணுக்கால் தண்ணீர். பால் வாங்கப் போய்ச் செருப்பு அறுந்தது.

முட்டி: காலை 84°, மாலை 86°.

கட்டட வரைபட அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் படிக்கட்டுக்கும் கூரைச் சரிவுக்கும் வைத்த அதே கோணமானி. இப்போது வசந்தாவின் வலது முட்டிக்கு. ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம். ஒவ்வொரு தடவை மடக்கும்போதும் அவள் ஒன்று இரண்டு என்று எண்ணுவதில்லை. "தையா தை, தையா தை" என்றுதான். நடன டீச்சர் அல்லவா. எட்டாவது "தை"யில் குரல் உடைகிறது. இன்று எட்டாவதில் என்னைக் கசாப்புக்காரர் என்றாள். பரவாயில்லை, 86 வந்தது.

அவள் தாளம் தட்ட உட்காரும் முக்காலி ரொம்பக் குட்டை. அதில் உட்கார 105° வேண்டும் என்பது என் கணக்கு. விஜயதசமிக்குள் உட்கார்ந்துவிடுவேன், வகுப்பை ஆரம்பித்துவிடுவேன் என்கிறாள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு விஜயதசமி தவறியதில்லையாம்.

செய்ய வேண்டியவை:
வலி மாத்திரை.
செருப்பு.
உளி தீட்ட.
மாணவி நித்யாவிடம் மறுபடி சொல்ல: வாயைத் திறக்கக் கூடாது.

எழுதியாவது பார்க்கிறேன். வசந்தாவின் நடன வகுப்பு நடக்கும் ஹால் இல்லை. அவள் ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் வீட்டுக்காரர் மகன் போன் செய்தான். பங்களாவை விற்றாகிவிட்டது, பின்கட்டு ஹாலைக் காலி செய்யுங்கள் என்றான். நான் "சரி" என்றேன். போய் எதையும் எடுக்கவில்லை, அவளை விட்டு நகர முடியவில்லை. மூன்றாம் வாரம் போனபோது கூரை இல்லை. மரமேடையை ஆணி ஆணியாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

வ.வுக்கு இன்னும் தெரியாது. அந்த மேடைக்குத் திரும்பத்தான் காலை மடக்குகிறாள். சொன்னால் மடக்குவாளா?


செப். 16, செவ்வாய்

வெயில். முட்டி 87°.

சைதாப்பேட்டை, பழைய மரக்கடை. மேடை அங்கேதான் போயிருக்கிறது. கடைக்கார பாபு ஒரு பலகையைத் தூக்கி என் கையில் வைத்தார்.

"தேக்கு இல்ல சார் இது. சீமைப் பைனு. வெள்ளக்காரன் காலத்துல கப்பல்ல வந்துது. எம்மாம் பெரிய பலகை, எவ்ளோ லேசா கீது பாரு."

"இதுல கிண்ணம் கடையலாம்னு பார்க்கிறேன்."

"கிண்ணமா? இன்னா சார், தேக்குத் துண்டு தர்றேன், அதுல பண்ணு. இது சாஃப்ட் உட்டு. பிச்சிக்கும்."

ஐந்து துண்டு எடுத்துக்கொண்டேன். ஒன்றே முக்கால் அங்குலக் கனம். நீளமாக ஒன்று, மேடையின் முன் வரிசை. மற்ற நாலும் குட்டை.

அவளுடைய தாளக்கட்டையையும் கேட்டேன். ஹால் அலமாரியில் இருந்தது, கழியால் தட்டித் தட்டி நடுவில் பள்ளம் விழுந்திருக்கும் என்று அடையாளம் சொன்னேன். கழி வீட்டில் இருக்கிறது, கட்டைதான் அங்கே மாட்டிக்கொண்டது.

"கட்டையா? இடிக்கிற பசங்க அத்த அடுப்புல வச்சி டீ போட்ருப்பானுங்க சார்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவைத்தேன். பலகைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

ஏன் வாங்கினேன்? வெறுங்கையோடு அவளிடம் எப்படிச் சொல்வது. முதலில் கையில் ஒரு கிண்ணத்தை வைத்து, அப்புறம் வாயைத் திறக்கலாம் என்று. கோழை ஆளுக்குக் கையில் ஏதாவது வேண்டும்.


செப். 17, புதன்

புழுக்கம். 88°.

துவைக்கல் பக்கத்தில் லேத்தைத் துடைத்துப் போட்டேன். வ. முன் அறையில், கதவு சாத்தி. இந்த மூன்று வருஷத்தில் நான் கடைந்தது எல்லாம் தேக்குத் துண்டிலும் வேப்பங்கட்டையிலும். சொந்தத்தில் மத்து இல்லாத வீடு கிடையாது. பைன் இதுதான் முதல்.

பலகையின் வெட்டுமுகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தின் அகலத்துக்குள் இருபத்திரண்டு வளையம்! இப்போது பார்சல் பெட்டிக்கு வரும் பைனில் அதே அகலத்தில் நாலு இருந்தால் அதிகம். எங்கேயோ குளிர்காட்டில், பெரிய மரங்களின் நிழலில், வருஷத்துக்கு ஒரு மயிரிழை மட்டும் பருத்த மரம். அவசரமே படவில்லை. இதைப் பார்த்த பிறகும் உளி வைத்தேன்.

ஒரு முகம் வழவழப்பு, கறுப்பு, ஆணித்துளைகள். மறு முகம் சுத்தம். யாராக இருந்தாலும் செய்வதைத்தான் செய்தேன்: துளை உள்ள முகத்தைக் குழியும் பக்கமாக வைத்தால் துளையும் அழுக்கும் சீவலாகப் போய்விடும். காந்தம் வைத்துத் தேடியும் ஓர் ஒடிந்த ஆணி உளியில் இடித்தது. பொறி பறந்தது. முனை போச்சு.

அப்புறம் வாசனை. நூறு வருஷத்துக்கு மேல் ஆன மரத்துக்குள் பிசின் இன்னும் உயிரோடு. மாடி மாமி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன இது, கார்த்தால பத்து மணிக்குச் சாம்பிராணி போட்டிருக்கேளா? ஆம் பூரா மணக்கறது!"

"மரம் மாமி."

"மரமா! எங்காத்துக்கும் ரெண்டு சீவல் குடுங்கோ, கொலு அலமாரில போட்டுக்கறேன்."


செப். 19, வெள்ளி

காலையில் மழை. 90°! வ.வுக்குப் பால் பாயசம். சர்க்கரை எனக்கு ஆகாது, ஆனாலும் அரை டம்ளர்.

பாபு சொன்னது சரி, பிய்த்துக்கொள்கிறது. வளையத்துக்கு வளையம் ஒரு கோடு எலும்பு, ஒரு கோடு பஞ்சு. உளி கொஞ்சம் மழுங்கினாலும் பஞ்சுக் கோடு பறிந்து வருகிறது. தேக்கில் கையை அழுத்திப் பழக்கம், இங்கே அழுத்தக் கூடாது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை தீட்டல். கடைசிச் சுற்றுக்கு முன்னால் பிரெஞ்சு பாலிஷ் தண்ணியாக ஒரு பூச்சு, அது இறுகினால் பஞ்சு அடங்குகிறது. உப்புத்தாளைப் பிசின் அடைக்கிறது. ஒரு கிண்ணத்துக்கு ஏழு தாள்.

இரண்டு கிண்ணம் ஆச்சு. அழகு. உள்ளே பார்த்தால் தேன் ஊற்றி வைத்த மாதிரி.

மாலையில் வ. கேட்டாள்: "உங்க சட்டையில என்னங்க வாசனை? எங்கியோ தெரிஞ்ச வாசனையா இருக்கு."

"பாலிஷ்."

"பாலிஷ் இல்ல." முகர்ந்தாள். "மழை பேஞ்சா ஹால்ல வரும் பாருங்க, அது."

நான் சமையலறைக்குப் போய் ஒரு காரணமும் இல்லாமல் குக்கரைக் கழுவினேன்.

"ஹாலைப் பெருக்கி வைக்கச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லியாச்சு."

இத்துடன் நாலாவது "சொல்லியாச்சு".


செப். 22, திங்கள்

மூன்றாவது, நாலாவது கிண்ணமும் முடிந்தன. குட்டைத் துண்டுகள் தீர்ந்தன. நீளப் பலகை மட்டும் பாக்கி.

95°. வ.வுக்கு ஒரே உற்சாகம். வாக்கரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தாள்.

நித்யா போன். வ.விடம் பதினெட்டு வருஷமாகக் கற்பவள், இப்போது ஆடிட்டர் ஆபீஸில் வேலை.

"அங்கிள், என்னால முடியல. டீச்சர் நேத்து ஒரு மணி நேரம் பேசினாங்க. மேடைக்குப் புதுசா விரிப்பு வாங்கணுமாம். நான் 'ஓ அப்படியா டீச்சர்'னு சொல்லிட்டு அழுதுட்டேன். எப்ப சொல்லப் போறீங்க?"

"கிண்ணம் நாலு பண்ணியாச்சு. 100 வரட்டும்மா."

"ஹால் இடிஞ்சதுக்கும் நூறு டிகிரிக்கும் என்ன அங்கிள் சம்பந்தம்?"

வெள்ளிக்கிழமை சொல்லிவிடுவதென்று முடிவு. எழுதிவிட்டேன், மாறக் கூடாது.


செப். 25, வியாழன்

வெள்ளிக்கிழமை வரை போகவில்லை.

காலை ஒன்பதரை. நான் தண்ணீர் கேன் வாங்க வாசலில். துவைக்கல் பக்கம் ஈரம் என்று நீளப் பலகையை வழியில் கிடத்தியிருந்தேன், கறுத்த முகம் மேலே. வ. துண்டை உலர்த்துகிறேன் என்று தானே நடந்து வந்திருக்கிறாள். வெறுங்கால்.

நான் வரும்போது பலகை மேல் நின்றிருந்தாள். கீழே பார்க்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கால் பெருவிரல் மட்டும் பலகையில் எதையோ தடவிக்கொண்டிருந்தது.

"முன்வரிசை," என்றாள். "வலப்பக்கம் மூணாவது ஆணி. ஒரு பொண்ணுக்குக் கால் கிழிஞ்சிது. நான்தான் ஆணிய எடுத்துட்டு மெழுகுவத்திய உருக்கி ஊத்துனேன்."

தண்ணீர் கேனைத் தோளிலிருந்து இறக்கவில்லை நான். இறக்கினால் சத்தம் வரும் என்று தோன்றியது.

"எப்ப இடிச்சாங்க?"

சொன்னேன்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அதையும் சொன்னேன்.

"அப்ப ஆறு வாரமா நான் எதுக்குங்க இந்தக் கால மடக்கிக்கிட்டு இருக்கேன்?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பி, வாக்கரை டக் டக்கென்று வைத்து உள்ளே போனாள்.

முட்டி: அளக்க விடவில்லை.


செப். 26, வெள்ளி

மேகமூட்டம். மாடியில் கொலுப் பாட்டு.

"தையா தை" இல்லை. அந்த நேரத்தில் வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பிசியோப் பெண் வந்தாள், வ. "வேணாம்மா, நாளைக்கு" என்று அனுப்பிவிட்டாள். ஒருநாள் விட்டால் இறுகிவிடும் சார் என்று வாசலில் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

சாப்பாடு: ரசம் சாதம். அவள் நாலு வாய். நான் அதுவும் இல்லை.

நித்யாவுக்குச் செய்தி அனுப்பினேன்: தெரிந்துவிட்டது. விஜயதசமிக்கு யாரும் வரவேண்டாம் என்று சொல்லிவிடு.

பொய் சொன்னதற்கு வருத்தமில்லை என்று நேற்றுவரை நினைத்தேன். கால் நன்றாக வேண்டும் என்றுதானே. இன்று யோசித்தால், அவள் காலுக்காக மட்டும் இல்லை. அவள் அழுவதைப் பார்க்க எனக்குப் பயம். அவ்வளவுதான். கோணமானி வைத்து அளக்கிற ஆளுக்கு இதை அளக்க இவ்வளவு நாள்.


செப். 27, சனி

வெயில். மாலையில் அவளே கூப்பிட்டாள்.

"கிண்ணம் பண்ணியிருக்கீங்களாமே. நித்யா சொன்னா. கொண்டாங்க."

நாலையும் துடைத்துக் கட்டில் மேல் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்தாள். எடை பார்த்தாள். விளிம்பில் விரல் ஓட்டினாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை, மறைப்பானேன்.

கவிழ்த்துப் பார்த்தாள். நிமிர்த்திப் பார்த்தாள். மறுபடி கவிழ்த்தாள்.

"மேல் பக்கம் எங்க?"

"எது?"

"பலகையில ஒரு பக்கம்தானே ஆடினோம். அந்தப் பக்கம் எங்க?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன். இருபத்தாறு வருஷம் எத்தனை பிள்ளைகள் தட்டித் தட்டி வழவழப்பாக்கிய முகம். அதைத்தான் அழுக்கு என்று குழிப் பக்கமாக வைத்தேன். நாலு கிண்ணத்திலும் நான் காப்பாற்றிக் கொடுத்தது யார் காலும் படாத அடிப்பக்கம்.

"சீவல்ல போச்சு," என்றேன்.

"சீவல் எங்க?"

கோணிப்பையைக் கொண்டுவந்தேன். பாதிதான் இருந்தது, மீதி மாடி மாமி கொலுவில். கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். முகர்ந்தாள். அப்புறம்தான் அழுதாள். ரொம்ப நேரம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பயந்த அளவுக்கு இல்லை. அவள் புடவையெல்லாம் சீவல், என் மடியெல்லாம் சீவல்.

"படம் வரையத் தெரியுது, எது மேல எது கீழனு தெரியல உங்களுக்கு," என்றாள் மூக்கைச் சிந்திக்கொண்டே. மூன்று நாளில் முதல் திட்டு. ராத்திரி எனக்கு ரசம் சாதம் இறங்கியது.

முட்டி: கேட்கவே இல்லை.


செப். 29, திங்கள்

நீளப் பலகையில் நல்ல பாகம் ஒரே ஒரு வட்டத்துக்குத்தான். மீதியில் கணுவும் விரிசலும். மெழுகுத் துளையை நடுவில் வைத்து வட்டம் போட்டேன். மூன்று தடவை அழித்துப் போட்டேன். ஒன்பது அங்குலம்.

இந்தத் தடவை கறுத்த முகம் கிண்ணத்தின் அடி. அதில் திருகு அடிக்க முடியாது, பசை தடவ முடியாது, உளி படக் கூடாது. இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பால் லேத்தின் சுழல்தட்டில் ஒட்டி, மறுபக்கத்தைக் குடைய வேண்டும். வேகம் கூடினால் பிய்த்துக்கொண்டு என் மூக்குக்கு வரும். இதற்கு மேல் பலகையும் இல்லை.

தீட்டினேன். கடைந்தேன். தீட்டினேன். அழுத்தாமல், மூச்சுகூட மெதுவாக. பைன் என்பதால் அடியைக் கனமாக விட்டேன், ஓர் அங்குலம். பாதியில் திரும்பினால் வ. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

நாளை விளிம்பும் மெழுகும். புதன்கிழமை ஆயுத பூஜை, கருவியைத் தொடக் கூடாது.


செப். 30, செவ்வாய்

முடிந்தது. குழிப்பக்கத்துக்குத் தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும். அடிப்பக்கத்துக்கு ஒன்றும் பூசவில்லை, ஈரத்துணியால் ஒரு துடைப்பு. வெந்நீர் ஊற்றிக் கையை அரை மணி கழுவியும் பிசின் போகவில்லை.

டேப்பை உரித்தபோது மெழுகு கையோடு வந்துவிடுமோ என்று பயம். வரவில்லை.

பூஜைக்கு: பொரி, கடலை, வெல்லம், பூசணி, வாழைக்கன்று இரண்டு. தெப்பக்குளம் பக்கம் நிற்க இடமில்லை.


அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

லேத்தைத் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டேன். உளிகளை வரிசையாக மணையில் அடுக்கினேன். கோணமானியும் ஓர் ஓரமாக. புதுக் கிண்ணத்தில் பொரியைக் கொட்டி நடுவில் வைத்தேன்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் உளிகளுக்குப் பக்கத்தில் அவளுடைய தாளக்கழி. எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைத்து. கட்டை இருக்க வேண்டிய இடம் காலி.

சூடம் காட்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள், தாங்கலுக்குத்தான் என்று வைத்துக்கொள்வோம்.

மத்தியானம் என் போனை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். கதவு சாத்தல். முக்கால் மணி.


அக். 2, வியாழன். விஜயதசமி

ஏழு மணிக்கு மழை விட்டது. ஏழேகாலுக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தால் நித்யா, பின்னால் எட்டுப் பேர். பட்டுப்பாவாடைகள், தட்டில் பழம், வெற்றிலை, பூ. வாசலில் செருப்பு மலை.

"வரவேண்டாம்னு சொல்லச் சொன்னேனேம்மா."

"டீச்சர் நேத்து போன் பண்ணி வரச் சொன்னாங்க அங்கிள். உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க."

கூடத்தில் சோபாவை நகர்த்தினோம். சாப்பாட்டு மேசை பால்கனிக்குப் போனது. மாடி மாமி சுண்டலோடு வந்து ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

வ. அறையிலிருந்து வந்தாள். வாக்கர் இல்லை, நித்யாவின் தோள். "முக்காலி," என்றாள் என்னிடம்.

"நாற்காலியில உக்காரு. ஒரு வாரமா நீ காலை..."

"முக்காலிங்க."

போட்டேன். என் தோளைப் பிடித்து இறங்கினாள். முகத்தில் வலி தெரிந்தது. பாதியில் நின்றாள். "தையா தை" என்று தனக்குள் முணுமுணுத்தாள். இறங்கி உட்கார்ந்துவிட்டாள்.

பூஜை மணையைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லிக் கழியை எடுத்தாள். பொரிக் கிண்ணத்தை எடுத்தாள். பொரியை மாமியின் மடியில் கொட்டினாள். மாமி "ஐயோ" என்றார். கிண்ணத்தைத் தன் முன்னால் தரையில் கவிழ்த்தாள். கறுத்த முகம் மேலே வந்தது, நடுவில் மெழுகுப் பொட்டு.

"வசந்தா, அது பைனு. மெது மரம். தட்டினா பள்ளம் விழும்."

"விழட்டும்," என்றாள்.

தட்டினாள். உள்ளே குழிவல்லவா, சத்தம் சுவருக்குச் சுவர் போனது. இரண்டாவது தட்டில் ஒன்பது பேரும் நின்றார்கள். மூன்றாவதில் அரைமண்டி. நாலாவதில் காலெல்லாம் ஒன்றாகத் தரையில் விழுந்தன. மொசைக் தரை. வித்தியாசம் அவளுக்குக் கேட்டிருக்கும். நிறுத்தவில்லை.

பள்ளம் விழுந்தது, மெழுகுக்குப் பக்கத்தில். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் புடவைக் கரையின் கீழே பார்த்தேன். வலது பாதம், ஆபரேஷன் செய்த கால், அதுபாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

முட்டி: அளக்கவில்லை.